இருவர் பெயரில் வீடு, எழுதாமல் விட்ட பங்கு: ஜோன்ஸ் எதிர் கெர்னாட் வழக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த இருவர் பிரிந்தால், அவர்களுடைய வீட்டைப் பங்கு பிரிக்கவென்று தனியாக ஒரு குடும்பச் சட்டம் கிடையாது. விவாகரத்து வழக்கில் நீதிபதி இருவரின் தேவை, வயது, வருமானம், பிள்ளைகளின் நிலை எல்லாவற்றையும் பார்த்து ஒருவர் சொத்தை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஓய்வூதியத்தைக்கூடப் பிரிக்கலாம். மணமாகாதவர்களுக்கு அந்த வழி இல்லை. மிஞ்சுவது நிலச் சட்டமும் அறக்கட்டளைச் சட்டமும்தான் (இங்கே அறக்கட்டளை என்பது தர்ம அமைப்பு அல்ல; ஒருவர் பெயரில் இருக்கும் சொத்தை இன்னொருவருக்காகவும் வைத்திருக்கும் ஏற்பாடு). அங்கே நீதிபதி கேட்பது ஒன்றே: இந்த வீட்டில் யாருக்கு ஏற்கெனவே எவ்வளவு உரிமை இருக்கிறது?

வீடு இருவர் பெயரிலும் இருந்து, பங்கு எங்கும் எழுதப்படாமல் இருந்தால், அந்தக் கேள்விக்கு இன்றும் வழிகாட்டுவது 2011 நவம்பர் 9 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஜோன்ஸ் எதிர் கெர்னாட் வழக்கில் தந்த தீர்ப்பு. "யார் கடன் கட்டினாரோ அவருக்கே வீடு" என்று அந்தத் தீர்ப்பு சொன்னதாகப் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு வழக்குக்குப் போய் நட்டப்பட்டவர்கள் உண்டு. அதனால் வீட்டின் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

வீடும் கணக்கும்

பெண் ஜோன்ஸ், ஆண் கெர்னாட். 1985 மே மாதம் எசெக்ஸ் பகுதியில் 30,000 பவுண்டுக்கு ஒரு வீடு இருவர் பெயரிலும் வாங்கப்பட்டது. முன்பணம் 6,000 பவுண்டு. அது முழுவதும் பெண்ணுடையது. தன் நடமாடும் வீட்டை விற்ற பணம். மீதிக்கு இருவரும் சேர்ந்து எடுத்தது எண்டோமென்ட் மோர்ட்கேஜ். அதாவது அசலைத் தொடாமல் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டுவது. பக்கத்தில் ஒரு பாலிசிக்குப் பிரீமியம் செலுத்தி, அது முதிரும்போது அசலை அடைப்பது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பரவலாக இருந்த ஏற்பாடு.

சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஆண் வாரத்துக்கு 100 பவுண்டு வீட்டுச் செலவுக்குக் கொடுத்தார். அந்தப் பொதுப் பணத்திலிருந்து பெண் மோர்ட்கேஜையும் மற்ற பில்களையும் கட்டினார். 1986இல் 2,000 பவுண்டு கூட்டுக் கடன் எடுத்து வீட்டை நீட்டிக் கட்டினார்கள். அந்த வேலையில் ஒரு பகுதியை ஆண் தன் கையாலேயே செய்தார்; மீதிக்குத் தெரிந்தவர்களைக் கூலி கொடுத்து அமர்த்தினார். அதனால் வீட்டின் மதிப்பு 30,000இலிருந்து ஏறக்குறைய 44,000 பவுண்டாக உயர்ந்தது என்று நீதிபதி பின்னர் கணித்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

1993 அக்டோபரில் ஆண் வெளியேறினார். அதன்பின் பதினான்கரை ஆண்டுகள் அந்த வீட்டுக்கு அவர் ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் செலவுக்கும் மிகக் குறைவாகவே தந்தார். வட்டி, பிரீமியம், பழுதுபார்ப்பு எல்லாம் பெண்ணின் தலையில் விழுந்தன.

வழக்கின் முடிச்சு 1995–96இல் இருக்கிறது. 1995 அக்டோபரில் வீட்டை 69,995 பவுண்டுக்கு விற்பனைக்கு விட்டார்கள், விலை போகவில்லை. பிறகு இருவருக்கும் பொதுவாக இருந்த வேறோர் ஆயுள் காப்பீட்டு பாலிசியைப் பணமாக்கி, கிடைத்ததைப் பிரித்துக்கொண்டார்கள். 1996 மே மாதம் ஆண் தனக்கென்று ஏறக்குறைய 57,000 பவுண்டுக்கு இன்னொரு வீடு வாங்கினார்: முன்பணம் 2,800, மோர்ட்கேஜ் 54,150. பழைய வீட்டுக்குப் பணம் கட்டாததால்தான் அவரால் புதிய வீட்டைத் தாங்க முடிந்தது என்று விசாரணை நீதிபதி குறித்துவைத்தார்.

2006இல்தான் பழைய வீட்டில் தன் பங்கு வேண்டும் என்று ஆண் கேட்டார். 2007இல் பெண் வழக்குப் போட்டார். 2008இல் ஆண் கூட்டுரிமையை (ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்குப் போகும் உரிமையை) முறிக்கும் அறிவிப்பை அனுப்பினார். விசாரணை நடந்தபோது வீட்டின் மதிப்பு 245,000 பவுண்டு. மோர்ட்கேஜ் பாக்கி 26,664. அதை அடைக்க வைத்திருந்த பாலிசியின் மதிப்பு 25,209. நிகரம் 243,545 பவுண்டு. சரிபாதி என்றால் ஆணுக்கு ஏறக்குறைய 121,800. பத்தில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 24,400. இடையில் கிடந்த 97,000 பவுண்டுக்காகத்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நான்கு நீதிமன்றங்கள்

2008இல் சவுத்தெண்ட் கவுன்டி நீதிமன்றம் பெண்ணுக்கு 90, ஆணுக்கு 10 என்றது. 2009இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் இருவரின் பெரும்பான்மையில், அதைக் கவிழ்த்துச் சரிபாதி ஆக்கியது. பிரிந்த நாளில் இருவருக்கும் சமபங்கு இருந்தது என்பதைப் பெண் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. அப்படியானால் பிறகு எந்த நாளில், எந்தச் செயலால் அது மாறியது? காலம் போனது மட்டும் போதாது, ஒருவர் கட்டாமல் இருந்ததும் போதாது என்பது பெரும்பான்மையின் வாதம். கடுமையாகத் தோன்றினாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி. உச்ச நீதிமன்றமும் அதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. விடை மட்டும் வேறு.

லார்ட் வாக்கரும் லேடி ஹேலும் சேர்ந்து எழுதிய முதன்மைத் தீர்ப்பு 1995–96ஐப் பிடித்துக்கொண்டது. வீடு விற்கவில்லை, பாலிசியை உடைத்துப் பிரித்தார்கள், ஆண் தனக்கு வேறு வீடு வாங்கினார். அந்தக் கட்டத்தில் அவருடைய பங்கு அன்றிருந்த அளவில் உறைந்து நிற்கட்டும் என்பதே இருவரின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். புதிய வீட்டின் விலையேற்றம் முழுவதும் அவருக்கு. பழைய வீட்டின் விலையேற்றம் முழுவதும் பெண்ணுக்கு.

இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1995இல் கேட்ட விலையான 69,995இலிருந்து மோர்ட்கேஜ் 26,664ஐக் கழித்தால் 43,331. பாதி 21,665. வட்டி மட்டும் கட்டிவந்த கடன் என்பதால் அசல் அன்றும் ஏறத்தாழ இதே அளவில்தான் இருந்திருக்கும். அசலை அடைக்க வைத்திருந்த பாலிசியின் அன்றைய மதிப்பையும் சிறிது சேர்த்தால், 2008இல் 10 விழுக்காடு தரும் 24,400 பவுண்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். கவுன்டி நீதிபதி வேறு வழியில் போனார். எது நியாயம் என்று எடைபோட்டு 90:10 என்றார். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்ததால் அந்த எண்ணில் கைவைக்க உச்ச நீதிமன்றம் விரும்பவில்லை. ஐந்து நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டார்கள். காரணத்தில் மட்டும் பிளவு. வாக்கர், ஹேல், காலின்ஸ் மூவரும் இணையரின் நடத்தையிலிருந்தே அவர்களுடைய உண்மையான எண்ணத்தை ஊகித்து அறியலாம் என்றார்கள். கெர், வில்சன் இருவரும் அப்படி ஓர் எண்ணம் இருந்ததற்குச் சான்று போதாது, நியாயத்தைப் பார்த்து நீதிமன்றமே அதை இணையர்மேல் ஏற்றுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தீர்ப்பு விட்டுச் சென்ற விதி

இருவர் பெயரில் வாங்கிய குடும்ப வீட்டுக்குத் தொடக்கப் புள்ளி சரிபாதி. அதை அசைக்க விரும்புகிறவர் இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். வாங்கும்போதே வேறு எண்ணம் இருந்தது. அல்லது பின்னால் ஒரு கட்டத்தில் இருவரின் பொது எண்ணம் மாறியது. எண்ணம் என்பது மனத்துக்குள் இருந்தது அல்ல. பேச்சிலும் செயலிலும் மற்றவர் நியாயமாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடியது. எண்ணம் மாறியது தெளிவாகத் தெரிந்து, எவ்வளவுக்கு மாறியது என்று மட்டும் தெரியாவிட்டால், அந்த வீட்டைப் பொறுத்து இருவரும் நடந்துகொண்ட விதம் முழுவதையும் பார்த்து நீதிமன்றம் நியாயமான பங்கைத் தீர்மானிக்கும்.

இந்தப் படிகளின் வரிசையில்தான் வழக்குகள் தோற்கின்றன. நியாயம் என்ற வாதத்துக்கு இடம் கடைசிப் படியில் மட்டுமே. முதலில் எண்ணம் மாறியதை நிரூபித்தாக வேண்டும். பத்து ஆண்டு வங்கிக் கணக்கை அடுக்கி "நான்தான் கட்டினேன்" என்று காட்டுகிறவரிடம் நீதிபதி கேட்பார்: எந்த நாளில் இருவரும் சேர்ந்து பங்கை மாற்றினீர்கள்? இந்த வழக்கில் பெண்ணைக் காப்பாற்றியது விற்பனை முயற்சி, பாலிசி, இரண்டாவது வீடு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுதான். அவை இல்லாமல் பதினான்கரை ஆண்டு வட்டி மட்டும் இருந்திருந்தால் சரிபாதி என்ற முடிவே நின்றிருக்கும் என்பது எங்கள் கருத்து. கட்டிய கடனுக்கு வேறு விதத்தில் ஈடு கிடைத்திருக்கலாம்: மோர்ட்கேஜில் மற்றவர் கட்ட வேண்டிய பாதியை அவர் பங்கிலிருந்து கழிப்பது ஒரு வழி. ஆனால் வீட்டில் தனியாகக் குடியிருந்ததற்கு எதிர்த் தரப்பு வாடகை கேட்கலாம். கட்டிய வட்டியும் அந்த வாடகையும் ஒன்றுக்கொன்று ஈடாகிப் போவது வழக்கம். விலையேற்றம் அந்தக் கணக்குக்குள் வராது.

2007இல் தீர்ந்த ஸ்டாக் எதிர் டவுடன் வழக்கையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நான்கு பிள்ளைகள், நீண்ட உறவு, வீடு இருவர் பெயரில். இருந்தும் 65:35 என்று பெண்ணுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அவர்கள் வாங்கும் நாளிலிருந்தே சேமிப்பையும் முதலீட்டையும் கறாராகத் தனித்தனியே வைத்திருந்தார்கள். தொடக்கத்திலேயே எண்ணம் வேறு என்பதற்கு அது சான்றானது.

வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். தொடக்கப் புள்ளி பூஜ்யம். பெயர் இல்லாதவர் முதலில் தனக்கு ஏதாவது பங்கு உண்டு என்றே நிரூபிக்க வேண்டும். 1984இல் பர்ன்ஸ் எதிர் பர்ன்ஸ் வழக்கில் 19 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, வீட்டை நடத்திய பெண்ணுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இன்றைய நீதிமன்றங்கள் ஓரளவு விரிந்த பார்வையோடு பார்க்கின்றன. ஆனாலும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் மட்டும் வீட்டில் பங்கு வாங்கித் தரும் என்று யாரும் நம்பி இருக்கக் கூடாது. அது அநியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம். சட்ட ஆணையம் 2007இலேயே மாற்றத்தைப் பரிந்துரைத்தது. ஸ்காட்லாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் நீதிமன்றம் ஒரு தொகை தரச் சொல்லலாம்.

வாங்கும் நாளில் ஒரு கட்டம்

1985இல் அந்த இணையர் வாங்கியபோது பங்கை எழுதும்படி பத்திரப் படிவம் யாரையும் கேட்கவில்லை. 1998 ஏப்ரலிலிருந்து டிஆர்1 (TR1) என்ற சொத்து மாற்றப் படிவம் கேட்கிறது. அதன் 10ஆம் கட்டத்தில் மூன்று வாய்ப்புகள். ஒன்று கூட்டுரிமை: ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் தானாகவே மற்றவருக்குப் போகும், உயில் எழுதியிருந்தாலும் பயனில்லை. இரண்டு, சமமான தனிப்பங்கு. மூன்று, வேறு விகிதம். 70:30 போன்றவற்றை இங்கே எழுதலாம், அல்லது தனி அறக்கட்டளைப் பத்திரத்தைச் சுட்டலாம். கட்டத்தை வெறுமையாக விட்டாலும் பதிவு நடந்துவிடும். அங்கேதான் ஆபத்து. எழுதப்பட்டிருந்தால் மோசடி, பிழை, பின்னாளில் எழுந்த வேறு ஏற்பாடு போன்றவை இல்லாதவரை அந்த எழுத்தே இறுதி; மேலே சொன்ன ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாது.

கூட்டுரிமை என்று கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் பின்னால் முறித்தால் கிடைப்பது சரிபாதி. முன்பணம் முழுவதும் ஒருவருடையது என்றாலும் அப்படித்தான். ஆகவே முன்பணம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் தனிப்பத்திரமே சரி. அதில் இவை இருக்க வேண்டும்: முதலில் யாருடைய எத்தனை பவுண்டு திரும்பும், மீதி எந்த விகிதத்தில், மோர்ட்கேஜை யார் கட்டுவது, ஒருவர் நிறுத்தினால் பங்கு மாறுமா, பிரிந்தால் மற்றவரின் பங்கை வாங்கிக்கொள்ள எத்தனை மாத அவகாசம், மதிப்பீடு யாரிடம்.

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி இடிக்கும் இடம் பெற்றோர் தரும் முன்பணம். வங்கி கேட்கிறது என்று "இது அன்பளிப்பு, வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்ட கடிதம் கோப்பில் இருக்கும். பிள்ளையின் உறவு முறிந்ததும் அதைக் கடன் என்று சொன்னால் அந்தக் கடிதமே எதிர்ச் சாட்சி. அன்பளிப்புதான் என்றால், தங்கள் பிள்ளைக்கு மட்டுமா, இருவருக்குமா என்று அப்போதே எழுதிவைக்க வேண்டும்.

பிரிந்த பிறகு

முதலில் நிலப் பதிவகத்திலிருந்து பதிவேட்டின் நகலையும் டிஆர்1 நகலையும் எடுங்கள். 10ஆம் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதிர்த் தரப்புக்கு ஒரு கடிதமும் போடாதீர்கள். கூட்டுரிமை என்றிருந்தால், நீங்கள் நாளை இறந்தால் வீடு முழுவதும் பிரிந்தவருக்குப் போய்விடும். அதைத் தடுக்க, 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 36(2) பிரிவின்படி முறிவு அறிவிப்பை எழுத்தில் அனுப்ப வேண்டும். மற்றவர் சம்மதம் தேவையில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செவ் (SEV) என்ற படிவத்தால் பதிவேட்டில் ஒரு கட்டுப்பாட்டை, அதாவது ஒருவர் மட்டும் தனியாக வீட்டை விற்றுவிடாமல் தடுக்கும் குறிப்பை, சேர்க்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பங்கு எதுவும் எழுதப்படாத வீட்டில் பாதிக்கு மேல் கோர நினைப்பவர், அறிவிப்பில் "சமபங்காக" என்ற சொல்லைப் போடக் கூடாது. கூடுதல் பங்குக்கான கோரிக்கைக்குப் பாதகமில்லாமல் முறிப்பதாக எழுத வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த மாதிரிக் கடிதங்களில் இந்த இடம்தான் சறுக்குகிறது.

வீடு எதிர்த் தரப்பின் பெயரில் மட்டும் இருந்தால், கணவன் மனைவிக்குக் கிடைக்கும் குடியிருப்பு உரிமைப் பதிவு உங்களுக்கு இல்லை. அறக்கட்டளை வழிப் பங்கைப் பதிவேட்டில் நோட்டீஸ் என்ற வகையில் பதியவும் முடியாது. கட்டுப்பாடாகத்தான் பதிய முடியும். வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள். குடியிருப்பவர் என்ற முறையில் இருக்கும் பாதுகாப்பு வெளியேறியதும் போய்விடலாம்.

மோர்ட்கேஜை நிறுத்தாதீர்கள். இருவர் கையெழுத்திட்ட கடனில் வங்கிக்கு இருவருமே முழுப் பொறுப்பு. யார் எதைக் கட்டினார் என்பதைத் தனிக் கணக்கில், தேதியோடு வையுங்கள்.

அதைவிட முக்கியம், பிரிந்த வாரங்களிலேயே ஓர் ஏற்பாட்டை எழுத்தில் கொண்டுவருவது. மின்னஞ்சலுக்கு இதில் எவ்வளவு வலு என்பதை 2022இல் ஹட்சன் எதிர் ஹாத்வே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காட்டியது. வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்ற பொருளில் ஆண் எழுதி, அடியில் தன் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பிய மின்னஞ்சல்களே கையெழுத்திட்ட ஆவணமாக ஏற்கப்பட்டன. அவர் பங்கை இழந்தார். கோபத்தில் "வீட்டை நீயே வைத்துக்கொள்" என்று எழுதி அனுப்பும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

உடன்பாடு வராவிட்டால் வழி 1996ஆம் ஆண்டு நில அறக்கட்டளைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வழக்கறிஞர்கள் டோலாட்டா (TOLATA) என்பார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று நீதிமன்றம் அறிவிக்கலாம், விற்கச் சொல்லலாம், விற்பனையைத் தள்ளிப்போடலாம். விற்பனையை முடிவு செய்யும்போது வீடு எந்த நோக்கத்துக்கு வாங்கப்பட்டது, அங்கே வாழும் சிறு பிள்ளைகளின் நலன், கடன் கொடுத்தவர்களின் நிலை ஆகியவற்றைப் பார்க்கும். பங்கின் அளவைப் பிள்ளைகளின் தேவைக்காகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதற்கு 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் முதல் அட்டவணையில் தனி விண்ணப்பம் உண்டு. பிள்ளை வளரும் வரை ஒரு வீட்டில் இருக்க அனுமதி கிடைக்கலாம், ஆனால் அந்த வீடு பொதுவாகப் பின்னர் உரியவருக்கே திரும்பும்.

செலவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விவாகரத்துச் சொத்து வழக்கில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. டோலாட்டா வழக்கில் தோற்றவர் வென்றவரின் செலவையும் சுமப்பதே பொது விதி. 30,000 பவுண்டு வேறுபாட்டுக்காக விசாரணை வரை போனால் அந்தத் தொகையே செலவில் கரைந்துபோகலாம். அதனால் மத்தியஸ்தமும், விசாரணைக்கு முன்பே முறைப்படி எழுத்தில் தரும் சமரசத் தொகையும் இந்த வழக்குகளில் உயிர்நாடி. மத்தியஸ்தத்தைக் காரணமின்றி மறுத்தவரை நீதிமன்றம் செலவு விஷயத்தில் தண்டிக்கவும் கூடும்.

தாலி கட்டியவர்களும் இதில் வரலாம்

"நாங்கள் கல்யாணம் ஆனவர்கள், இது எங்களுக்கு இல்லை" என்று நினைக்கும் பல தமிழ்க் குடும்பங்கள் லண்டனில் உண்டு. மண்டபத்தில் ஐயர் வந்து, தாலி கட்டி, உறவு முழுக்க வாழ்த்தியிருக்கும். பதிவுத் திருமணம் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போயிருக்கும். இங்கிலாந்தில் நடந்து, அந்நாட்டுத் திருமணச் சட்டத்தின் முறைகள் எதையும் பின்பற்றாத சடங்கு திருமணமே ஆகாது. செல்லாத திருமணம் என்ற தகுதிகூட அதற்கு இல்லை. 2020இல் அக்தர் வழக்கில் ஓர் இஸ்லாமிய நிக்காஹ் பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான். இந்துச் சடங்குக்கும் அதே விதி. பிரியும்போது இவர்கள் குடும்பநல நீதிமன்றத்தின் சொத்துப் பங்கீட்டுக்குப் போக முடியாது. ஜோன்ஸ் எதிர் கெர்னாட் வழியில்தான் நிற்க வேண்டும். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ நடந்து, அந்த நாட்டுச் சட்டப்படி செல்லும் திருமணம் வேறு. அதை இங்கிலாந்து பொதுவாக ஏற்கும்.

நிச்சயதார்த்தம் ஆகி மணமாகாதவர்களுக்கு ஒரு சிறு சலுகை உண்டு. ஒருவர் மற்றவரின் வீட்டை மேம்படுத்தப் பணமாகவோ உழைப்பாகவோ கணிசமாகப் பங்களித்திருந்தால், 1970ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அதற்குப் பங்கு கேட்கலாம். கெடு, நிச்சயம் முறிந்து மூன்று ஆண்டுகள்.

சேர்ந்து இருக்கும் இணையர் இந்த நிலையைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருவரும் நேரில் போய் அறிவிப்புக் கொடுத்து, 28 நாள் கழித்துப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அதற்கு விருப்பம் இல்லையென்றால் டிஆர்1 படிவத்தின் 10ஆம் கட்டத்தை எடுத்துப் பார்த்து, வெறுமையாக இருந்தால் இருவரும் உறவோடு இருக்கும்போதே, தனித்தனி வழக்கறிஞரின் ஆலோசனையோடு அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, இரு உயில்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.